மெய்யெழுத்து மட்டும்

ஜூன் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷைனி என்ற பெண் இன்று கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, தினமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். மூன்று கட்டம்: தேதி, அவர் சொன்ன சொல், குறிப்பு. முப்பத்திரண்டு வருடம் தமிழ் வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கு, ஓய்வு பெற்று ஏழு வருடம் கழித்து வீட்டுப்பாடம் வந்திருக்கிறது. அந்தச் சின்னக் கட்டங்கள் எனக்குப் போதவில்லை. சொல்லை அதில் எழுதிவிட்டு மற்றதை இந்த டைரியில் எழுதப்போகிறேன்.

அவர் என்றால் என் கணவர் சங்கரலிங்கம். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். கோவில்பட்டியில் எந்தக் கம்பத்தடியில் நின்றாலும் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசுவார். ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால், வாயின் இடது பக்கம். இப்போது கைப்பிடி பிடிக்காமல் மாடி ஏறுகிறார். வாய்தான் திரும்பவில்லை.

"சொல்லெல்லாம் மூளையில பத்திரமா இருக்கு டீச்சர். உதடும் நாக்கும்தான் சொன்ன பேச்சு கேக்கல" என்றாள் ஷைனி. எனக்குப் புரிந்தது. குடோனில் சரக்கு இருக்கிறது, லாரிதான் பஞ்சர்.

இன்று சொன்ன சொல்: "ஆ… ஈ". அதாவது காபி. உயிரெழுத்துக்கு வாயைத் திறந்தால் போதும். மெய்யெழுத்துக்கு உதடோ நாக்கோ பல்லோ ஒன்றையொன்று தொட வேண்டும். அவருக்குத் தொட மறுக்கின்றன. எனவே உயிர் வருகிறது, மெய் வரவில்லை. ப, ம இரண்டும்தான் ரொம்பச் சிரமமாம், உதடு முழுதாக மூட வேண்டும் என்பதால்.

ஜூன் 5, புதன்

புதன் என்பதால் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு குடம் பிடித்தேன். முன்பெல்லாம் மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் ஊர்க்கதை சொல்வார். இன்று குடம் நிறைகிற சத்தம் மட்டும்தான்.

டி.வி.க்கு எதிரே ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். ப, பா, பி, பீ என்று ஒரு வரிசை. ம, மா, மி, மீ என்று இன்னொரு வரிசை. பக்கத்தில் ஒரு கண்ணாடி. ஒன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்ல அட்டை யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஜூன் 8, சனி

அடுப்படியில் இருக்கும்போது என் போன் 'டிங்' என்றது. ஹாலில் உட்கார்ந்திருக்கிற அவரிடமிருந்து மெசேஜ். மூன்று எழுத்து. kpi.

மின்வாரியத்து லைன்மேன்கள் குரூப்பில் பழகிய பழக்கம் இது. கம்பத்தில் நிற்கிறவனுக்கு நீளமாக எழுத நேரமில்லை என்று எழுத்தைப் பாதி விழுங்கி அனுப்புவார்கள். ஒன்று கவனித்தேன். இவர்கள் விழுங்குவது எல்லாம் உயிரெழுத்து. வந்தேன் என்றால் vnthn. சாப்பிட்டேன் என்றால் sptn. அங்கொன்று இங்கொன்று தவிர, மெய்யை மட்டும் வரிசையாக நிறுத்தி அனுப்புகிறார்கள். உயிர் இல்லாமல் மெய் இயங்காது என்பது ஆறாம் வகுப்புப் பாடம்.

ஆக, அவர் வாயில் உயிர் மட்டும் வருகிறது, கட்டைவிரலில் மெய் மட்டும் வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற ஆளைக் காணோம்.

காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். கொடுக்கவில்லை. விரல் பேசினால் வாய் எப்படிப் பழகும்? "வாயால கேளுங்க. கா… பி. உதட்டைச் சேருங்க" என்றேன். "ஆ… ஈ" என்றார். "பி. உதடு சேரலையே. இன்னொரு தடவை" என்றேன். ஏழு தடவை சொல்லிக்கொடுத்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. எட்டாவது தடவை அவர் வாயைத் திறக்கவில்லை.

காபி ஆறிவிட்டது. நானே குடித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பயிற்சிக்குப் போனோம். எங்களுக்கு முன் பெஞ்சில் ஒரு அம்மாள். ஜெயக்கொடி என்று பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவராம். அவருக்கும் பக்கவாதம், அவருக்கும் வாய். அறுபத்துநாலு வயது என்று அவர் கையில் இருந்த ஆஸ்பத்திரி அட்டையில் பார்த்தேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தலையில் கனகாம்பரம். சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணுகிறது. முந்தானையால் மறைக்கவில்லை. அப்படியே சிரிக்கிறார்.

சொல்: "ஆ… ஈ". முன்னேற்றம் இல்லை.

ஜூன் 13, வியாழன்

இட்லி மாவு பொங்கி வழிந்தது. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் தேன்மொழி பேசினாள். அப்பா தினமும் அவளுக்கு மெசேஜ் அனுப்புகிறாராம். ஜோக் கூட அனுப்புகிறாராம். "என்ன ஜோக்?" என்று கேட்டேன். என்னைப் பற்றியதாம், சொல்ல மாட்டாளாம்.

அப்படிச் செய்வது அவர் வாய்க்கு நல்லதில்லை என்று எடுத்துச் சொன்னேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் லிஃப்ட் வைத்துவிட்டு, காலுக்குப் பலம் வரவில்லையே என்று கவலைப்பட்டு என்ன பயன்? அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நீயும் அவருக்கு ஒரு மெசேஜ் போடேன்மா" என்றாள். அடுத்த அறையில் இருக்கிற மனுஷனுக்கு எதற்கு மெசேஜ்?

"அம்மா, அவர் உன் ஸ்டூடண்ட் இல்ல" என்றாள். அது எனக்குத் தெரியாதா? ஸ்டூடண்டாக இருந்தால் இதற்குள் படித்திருப்பார்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஷைனி அவரையும் ஜெயக்கொடியையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். ஜோடிப் பயிற்சியாம். ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், மற்றவர் அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் வெளியே இருக்க வேண்டும். கதவில் கண்ணாடி இருந்தது.

பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். திரும்பச் சொன்னார். அந்த அம்மாளும் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் போனை எடுத்து, அந்த அம்மாளின் நம்பரை அவர் பதிந்துகொண்டார். Jykdi.

வரும் வழியில் ஆட்டோவில், "என்ன சொல்லிச் சிரிச்சீங்க?" என்று கேட்டேன். கையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். நாற்பது வருடத்தில் அவர் ஒன்றுமில்லை என்று சொன்ன எதுவும் ஒன்றுமில்லாமல் இருந்ததில்லை.

ஜூன் 20, வியாழன்

கனகாம்பரம் இரண்டு முழம் வாங்கினேன். வெறும் தலையோடு இருக்க வேண்டாமே என்றுதான். அவர் கவனிக்கவில்லை. குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

இன்று சொன்ன சொல்: இல்லை. தட்டிய சொல்: எண்ண முடியாது.

ஜூன் 21, வெள்ளி

பூவைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டேன்.

ஜூன் 22, சனி

மளிகைச் சீட்டு எழுதினேன். முன்பெல்லாம் அவர்தான் எழுதுவார், நான்தான் திருத்துவேன். மாதா மாதம் 'மிளகாய் பொடி' என்று எழுதுவார். "நடுவில ப் போடுங்க. மிளகாய்ப் பொடி. தாய்ப்பால் மாதிரி, நாய்க்குட்டி மாதிரி" என்று மாதா மாதம் சொல்வேன். "ப் போடாம விட்டா சாம்பார்ல காரம் குறைஞ்சிருமா டீச்சர்?" என்பார். அடுத்த மாதமும் போட மாட்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்கு எப்போதோ தெரியும். இருந்தாலும் ஒரு தடவைகூடத் திருத்தாமல் விட்டதில்லை. பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

ஜூன் 24, திங்கள்

நான் யாருடைய போனையும் எடுத்துப் பார்க்கிறவள் இல்லை. அவர் குளிக்கப் போயிருந்தார். போன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மேசையைத் துடைக்க வேண்டும் என்று எடுத்தேன். அப்போது வெளிச்சம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு துடைக்க முடியாது.

ஜெயக்கொடி கேட்டிருந்தார்: innku pspm ethna?

மேலே கொஞ்சம் தள்ளினால் அவர் பதில் இருந்தது. நேற்றைய பதில்: 4. அதற்கு முந்தின நாள்: 3.

அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு இதைப் பிரித்துப் பார்த்தேன். innku, இன்றைக்கு. ethna, எத்தனை. நடுவில் இருப்பதுதான் சிக்கல். ps என்றால் பஸ். pm என்றால் பிற்பகல். உயிரெழுத்தைத் தூக்கியெறிந்தால் மொழி எவ்வளவு அசிங்கமாகிவிடுகிறது பாருங்கள். இன்றைக்குப் பஸ், பிற்பகல் எத்தனை மணி? நேற்று நாலு. அதற்கு முந்தின நாள் மூன்று.

குளித்துவிட்டு வந்து, துண்டைத் தோளில் போட்டபடியே பதில் தட்டினார். நான் கரண்டியோடு பின்னால் நின்றிருந்தேன். 6 என்று தட்டினார்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 25, செவ்வாய்

பயிற்சிக்குப் போனோம். நேற்று மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டில்தான் இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார், காற்று வாங்க.

ஜோடிப் பயிற்சியில் இன்றும் சிரிப்பு. ஷைனி வெளியே வந்து, "சாருக்கு உதடு மூட ஆரம்பிச்சிருக்கு டீச்சர், வீட்லயும் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். வீட்டில் என் முன்னால் அவர் உதடு மூடித்தான் இருக்கிறது. நாள் முழுதும்.

ஜூன் 26, புதன்

தண்ணீர் வந்தது. பத்துக் குடம்தான்.

மாலை ஆறு மணிக்கு அவர் மாடிக்குப் போனார். துணி எடுக்க நானும் போனேன். கடைசிப் படியில் நின்றுவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டு, "உ… அ… உ… அ…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தமாக. நல்ல கணீரென்ற சத்தம். நடுநடுவே உதட்டை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பேச முடிகிறது. எனக்குக் கொடுக்காத குரலை மாடிக்குக் கொண்டுபோய் யாருக்கோ கொடுக்கிறார்.

துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன். ஏழு மணிக்கு மழை வந்து எல்லாம் நனைந்தது.

ஜூன் 30, ஞாயிறு

தேன்மொழி போனில் கேட்டாள், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று. சளி என்றேன்.

"ஜெயக்கொடி ஆன்ட்டி சூப்பர் ஆளாமே, அப்பா சொன்னாரு" என்றாள். ஆன்ட்டி.

ஜூலை 1, திங்கள்

ஷைனிக்குப் போன் செய்து, செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை வியாழனுக்கு மாற்றச் சொன்னேன். எங்கள் தெருவில் செவ்வாய்தான் தண்ணீர் வரும் நாள், வர முடியவில்லை என்றேன். நல்ல பெண், உடனே மாற்றிவிட்டாள்.

இன்னொரு காரியமும் செய்தேன், அவர் நன்மைக்காக. அவரை உட்காரவைத்து நிதானமாகப் பேசினேன். கன்றுக்குட்டி உதாரணம் சொன்னேன். புட்டியில் பால் கொடுத்துப் பழக்கினால் அது மடியில் முட்டாது. விரலுக்கு ஒரு மாதம் லீவு கொடுத்தால் வாய் தானாக வேலைக்கு வரும் என்றேன். போனைப் பீரோவில் வைக்கிறேன், அவசரம் என்றால் என் போன் இருக்கிறது என்றேன்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைத் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். பரீட்சைத் தாளை எழுதாமலே திருப்பிக் கொடுக்கிற பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜூலை 4, வியாழன்

வியாழக்கிழமை பெஞ்சில் யாரும் இல்லை. நிம்மதி.

சொல்: இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

மாடிக்குப் போவதில்லை. டி.வி.யும் பார்ப்பதில்லை. சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். சாப்பிட்டார், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

ஜூலை 11, வியாழன்

ஷைனி அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டாள். போன மாதம் மூடிய உதடு இப்போது மூட முயற்சிகூடச் செய்யவில்லையாம். இந்த மாதிரி ஆரம்பத்து மாதங்களில் விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டமாம். "வீட்ல எதாவது நடந்துச்சா டீச்சர்?" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

"அந்த அம்மாவும் டல்லாயிட்டாங்க. திரும்பச் செவ்வாய்க்கே வர முடியுமா?" என்றாள்.

தண்ணீர் வரும் நாள் என்று மறுபடியும் சொன்னேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த நோட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் புதன்தோறும் 'தண்ணீர்' என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

 நோட்டை மூடிக் கொடுத்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

பீரோவைத் திறந்து போனைச் சார்ஜ் போட்டேன். மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. நாள் முழுதும் அங்கேயே கிடந்தது, உப்பு ஜாடி மாதிரி.

ஜூலை 16, செவ்வாய்

மருந்துச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. எந்த நாளும் வாங்கலாம். இன்று போனேன்.

பெஞ்சில் ஜெயக்கொடி தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லும் கிணற்றிலிருந்து வாளியில் வருவதுபோல வந்தது, பாதி வழியில் சிந்தியது. நான் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக்கொடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மறுபடி எடுத்துக்கொடுத்தேன். மறுபடி கை. நம்பர் கேட்டு வாங்குகிற நேரத்தில் குறுக்கே பேசினால் ஆபரேட்டருக்குப் பிடிக்காது போலிருக்கிறது. மூன்றாவது தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இவ்வளவு நேரம் ஒரு சொல்லுக்காக நான் வாழ்நாளில் காத்திருந்ததில்லை.

"சார்… வரலையே… ரெண்டு வாரமா. மெசேஜும்… போகல" என்றார்.

உடம்பு சரியில்லை என்றேன். பொய்யில் எனக்குக் கை பழகிவிட்டது.

அவர் தன் போனை எடுத்து, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதை என் மடியில் வைத்தார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் வைத்தார். ஆளுக்கு ஒரு சொல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும், சுத்தமாக எத்தனை தடவை வந்தது என்று மற்றவருக்கு எழுத வேண்டும். ஜெயக்கொடியின் சொல் "நம்பர் ப்ளீஸ்". முப்பது வருடம் சொன்னதாம், இன்னும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதைச் சொல்லும்போது கோணல் வாயோடு சிரித்தார்.

என் கணவருடைய சொல் pspm.

"பஸ்ஸா?" என்று கேட்டேன். 

ஜெயக்கொடி என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார். "உங்க… பேரு… இல்லையா… டீச்சர்?"

ப், ஷ், ப், ம். உயிரைக் கழற்றிவிட்டு என் பெயரை எழுதினால் அப்படித்தான் வரும். மாடியில் தொட்டிக்குப் பின்னால் அவர் சொன்ன உ, அ இரண்டும் அதிலிருந்து கழன்றவைதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சேர்த்துப் படித்திருக்கும். நான் அதைப் பஸ் என்று படித்தேன்.

இதை அவர் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜெயக்கொடி யோசித்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"டீச்சர் முன்னால… தப்பாச் சொன்னா… மார்க் கொறஞ்சிரும்னு… எழுதுவாரு. பத்து வரட்டும்… அப்புறம் போய்… சொல்றேன்னாரு. ஒம்பது… வந்திருச்சு. அந்த வாரந்தான்… கெழம மாறிப்போச்சு."

மருந்துச் சீட்டு வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

தண்ணீர் வந்தது.

ஷைனிக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கே வருகிறோம் என்றேன். தண்ணீர் புதன்கிழமைதான் வரும் என்பதையும் சொன்னேன். "சரி டீச்சர்" என்றாள்.

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன். சமாதானமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பெயருக்காக அவர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். பட்டேன். ஒரு பத்து நிமிஷம். பிறகு வேறொன்று வந்தது. பிழையோடும் சரியாகவும் என் பெயரை அந்தப் பயிற்சி அறையில் முதலில் கேட்டவர் ஜெயக்கொடி. ஒன்பது தடவை வந்த நாளில் சபாஷ் சொன்னவர் அவர். நான் அடுப்படியில் பருப்பைக் கருக்கிக்கொண்டு இருந்தேன். அந்த ஒன்பதில் ஒன்றாவது எனக்குச் சேர வேண்டாமா?

அட்டையையும் கண்ணாடியையும் கழற்றிப் பரணில் போட்டேன்.

ஜூலை 20, சனி

போனை எடுக்கிறார். பார்க்கிறார். வைத்துவிடுகிறார். காபி வேண்டுமா என்று கேட்டேன், தலையசைத்தார், கொடுத்தேன். சொல்லச் சொல்லவில்லை. சந்தேகத்தோடு வாங்கிக் குடித்தார்.

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. சொன்னால் கூச்சப்பட்டு அடியோடு விட்டுவிடுவார். பாதி போட்ட கோலத்தை யாராவது எட்டிப் பார்த்தால் நானே அழித்துவிடுவேன். அந்த மாதிரி.

ஜூலை 23, செவ்வாய்

பெஞ்சில் இரண்டு பேரும். ஜெயக்கொடி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. என் கணவர் இன்னும் கலகலப்பாக இல்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

ஜெயக்கொடியின் தலையில் இன்று மல்லிகை. அவருக்கு அது எடுப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 26, வெள்ளி

காலை பதினொரு மணி. சாம்பாருக்கு டப்பாவைத் திறந்தேன், அடி தெரிந்தது. அவர் மாடியில் இருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் ஏறியிருக்கிறார். கூப்பிட்டால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. போனை எடுத்தேன். அவருக்கு நான் அனுப்புகிற முதல் மெசேஜ். எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டக் கால்மணி நேரம் ஆயிற்று.

'மிளகாய் பொடி தீர்ந்துவிட்டது. வாங்கி வரவும்.'

அனுப்பிவிட்டு வெங்காயம் உரித்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, அவசரமாக. அடுப்படி வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மிளகாய்க்கும் பொடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் கட்டைவிரலை ஊன்றியிருந்தார். கண்ணில் அப்படி ஒரு கொண்டாட்டம். நாற்பது வருடத்துக் கொண்டாட்டம்.

"என்ன?" என்றேன். "என்ன தப்பு?"

உதட்டைக் குவித்தார். வலது பக்கம் மூடியது. இடது பக்கம் திறந்தே இருந்தது, காற்று போனது. மறுபடி முயன்றார். மறுபடி காற்று. சொல்லிக்கொடுக்க என் நாக்கு துடித்தது. கையில் இருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடினார். இடது உதடு நடுங்கி, மெதுவாக மேலே ஏறி, மற்றதைத் தொட்டது.

"ப்" என்றார்.

உயிர் சேராமல் மெய்யைத் தனியாக உச்சரிக்க முடியாது என்று முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"ஓ" என்றேன். "விட்டுப்போச்சு."

"ப்" என்றார் மறுபடி. "ப். ப்." சுட்டுவிரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினார், நான் ஆட்டுவது போலவே. "ப் போடாம விட்டா காரம் குறைஞ்சிருமா?" என்று கேட்டேன். குறையும் என்று பலமாகத் தலையாட்டினார். பிறகு சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. மறைக்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போது, அந்த ப்-போடு ஒரு உ சேர்ந்து வந்தது எனக்குக் கேட்டது. "பு" என்று ஒன்று. யாரிடமும் சொல்வதுபோல இல்லை, சும்மா, சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரி. நான் திரும்பவில்லை. அடுத்த எழுத்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஷைனியின் நோட்டில் எழுதியது இவ்வளவுதான். சொல்: ப். குறிப்பு: திருத்தம் இல்லை.

நான் அந்த ஒற்றெழுத்தை வேண்டுமென்றே விட்டேனா, அவசரத்தில் விட்டுப்போனதா என்று தேன்மொழி கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

கடையிலிருந்து வந்ததும் வராததுமாக ஜெயக்கொடிக்குத் தட்டிக்கொண்டிருக்கிறார். தட்டட்டும். இதை முதலில் கேட்டவள் நான்.